குறை சொல்லி விற்கிற கடை

பழைய வீடியோ கேம் விற்கிற வேலையில் முதுகு முறியாது. கண்ணும் மனச்சாட்சியும்தான் முறியும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, ஒரு சாமானை விற்க அதைப் புகழ வேண்டும் என்றுதானே நீங்களும் நானும் படித்தோம்? அந்தப் படிப்பு இங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் பதினைந்து வருசம் கந்தோர் கந்தோராகத் துப்பரவு வேலை செய்தவள் நான். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, டுசல்டோர்ஃபில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஜப்பான் கடைத்தெருவில் இந்த வேலை கிடைத்தது. முதலாளி ஒகாதா அம்மா, ஜப்பான்காரி. அங்கேயிருந்து சில வருசம் வேலைக்கென்று இங்கே வருகிற குடும்பங்கள் திரும்பிப் போகும்போது பிள்ளைகளின் கேம்களை அவரிடம் விற்றுவிட்டுப் போகும். அக்டோபர் நடுவில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ப்ரோபெத்சைட். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். கதிரையில் இருந்து செய்கிற வேலை எனக்கு வாழ்க்கையில் முதல் தரம் கிடைத்திருந்தது. இதுவும் போனால் திரும்ப வாளியும் தும்புத்தடியும்தான் என்ற பயம் ஒவ்வொரு நாளும் என்னோடு ரயிலில் வந்தது.

ஏழு குறை

முதல் நாள் ஒகாதா அம்மா ஒரு சாம்பல் நிறக் கேம் கேசட்டை என் கையில் தந்து, "இதில் என்ன குறை?" என்று கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, புதுசு போல இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னச் சீட்டில் எழுதத் தொடங்கினார். முன்தாளின் இடது மூலை ஒரு மில்லிமீட்டர் உரிந்திருக்கிறது. ஒரு திருகாணி மாற்றப்பட்டிருக்கிறது. லேசான சிகரெட் மணம். விளக்கப் புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கம் பென்சில் கோடு. இப்படியே ஏழு. எழுதி முடித்து, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி உறையின் முன்பக்கத்திலேயே ஒட்டினார். ஜப்பானில் அவர் பழகின பழைய கேம் கடைகளில் எல்லாம் இதுதான் முறையாம்.

எட்டு யூரோச் சாமான்! எங்கள் வீட்டுக் காரை வாங்கும்போது என் மனுசன் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்ததோடு சரி. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, ஒகாதா அம்மா சொன்னார்: "வாங்கினவர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் அது ஏமாற்று. நாங்களே முதலில் சொல்லிவிட்டால் அது வெறும் தகவல்."

நாற்பது கேசட்

நவம்பரில் அவர் சாமான் எடுக்க ஒரு கிழமை ஜப்பானுக்குப் போனார். வெளியே மழை; கடைக்கு ஆள் இல்லை. சும்மா இருக்கத் தெரிந்த கை அல்ல என் கை. மேசையின் கீழ் லாச்சியை இழுத்துத் திறந்தால் நாற்பது கேசட், ஒவ்வொன்றின் முதுகிலும் தடித்த கறுப்பு மையில் ஜப்பான் எழுத்து. பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். பெயர் எழுதியிருந்தால் விலை குறையும் என்பது அதற்குள் எனக்குத் தெரியும். பாவம், துடைக்க ஆளில்லாமல் கிடக்கிறது என்று நினைத்தேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, பதினைந்து வருச அனுபவம் முழுவதையும் காட்டி, நாற்பதையும் பளிச்சென்று ஆக்கிவைத்தேன்.

திரும்பி வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் வரிசையாகத் திரும்ப அடுக்கினார். பிறகு, "மிகவும் சுத்தமாக இருக்கிறது" என்றார். நான் வீட்டுக்கு வந்து மனுசனிடம், "இஞ்சருங்கோ, மனுசி இண்டைக்கு என்னைப் புகழ்ந்தவ!" என்று துள்ளினேன். அடுத்த நாள் காலை என் மேசையில் நாற்பது வெறும் சீட்டு. ஒவ்வொன்றிலும் முதல் வரியாக இப்படி எழுதச் சொன்னார்: 'பெயர் இருந்தது. ஊழியர் அழித்துவிட்டார்.'

அவர் சொல்லித்தான் விளங்கியது. அவை விற்கிற சாமான் இல்லை. பெயர் எழுதின பிள்ளை என்றைக்காவது தேடிவரும் என்று பத்திரப்படுத்தி வைத்தவை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எதில் யாருடைய பெயர் இருந்தது என்று அவருக்கும் முழுக்க ஞாபகம் இல்லை. அழித்ததைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. மிச்சத்தையாவது தவறவிடக் கூடாது என்று, நாற்பதிலும் இருந்த கீறல், கறை, பிசின் என்று கண்ணில் பட்டதெல்லாவற்றையும் மூன்று நாளாக எழுதினேன். இதுவரை எத்தனை பேர் தேடி வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். லாச்சியை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒருவரும் வரவில்லை. அதனால்தானே இன்னும் இருக்கிறது."

பரம் அண்ணையின் கவலை

கெல்சென்கிர்ச்சனில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற பரம் அண்ணை எங்களுக்கு நெடுநாள் பழக்கம். மகனின் பிறந்தநாளுக்குக் கேம் வாங்க வந்தவர், தட்டுத் தட்டாகச் சீட்டுகளை வாசித்தார். வாசிக்க வாசிக்க முகத்தில் கவலை ஏறியது. என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, "தங்கச்சி, உந்த மனுசிக்குச் சுகமில்லையே? நான் என்ர கத்தரிக்காயில 'உள்ளுக்க பூச்சி'யெண்டு துண்டு ஒட்டினா, கடையைப் பூட்டிப்போட்டுக் கோயில் வாசல்ல போய் இருக்க வேண்டியதுதான்" என்றார்.

அப்படிச் சொன்னவர் போய்விடுவார் என்று பார்த்தேன். திரும்பவும் தட்டுகளைச் சுற்றினார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, கடையிலேயே ஆக நீளமான சீட்டு ஒட்டின கேசட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதையே தாங்கோ தங்கச்சி. இனி இதில பிழை வாறதுக்கு இடமில்லை."

மீன்

சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஜெர்மன் கிழவர் ஒருவர் மாதம் ஒரு தரம் வருவார். மீன்பிடிக்கிற கேம் மட்டும்தான் வாங்குவார். அதுவும் ஜப்பான் மொழியில். ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு கேசட்டின் சீட்டில், உள்ளே பேட்டரி செத்துவிட்டது, நிறுத்தினால் பிடித்த மீன் ஒன்றும் கேசட்டில் பதிந்திருக்காது என்று எழுதியிருந்தேன். இது வேண்டாமே என்று தடுத்தும் பார்த்தேன். அவர் சந்தோசமாகப் பையைத் திறந்தார். "குளத்தில் பிடித்த மீனை நான் திரும்ப விட்டால் இங்கே சட்டம் என்னைப் பிடிக்கும். இதில் கேசட்டே மீனை விட்டுவிடுகிறது, எவ்வளவு நல்லது!"

மார்ச்

ஜப்பான் கம்பனிகள் ஏப்ரலில் ஆள் மாற்றுவதால் மார்ச்சில் கடை நிரம்பும். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தாயோடு வந்து, தகப்பன் காலத்துக் கேசட் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். ஒகாதா அம்மா தாயை நிற்க விட்டுவிட்டு, பிள்ளைக்குக் கதிரை போட்டு, தேநீர் வைத்து, எனக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மனிலேயே கேட்டார்: "இதில் என்ன குறை?"

அவள் யோசிக்கவே இல்லை. ஒரு தரம் குளியலறையில் விழுந்தது. முன்தாளில் இருக்கிற ஊதாக் கோடு அவள் போட்டது. குளிர் நாளில் இரண்டு தரம் செருகினால்தான் வேலை செய்யும். நான் எழுதிக்கொண்டே அசந்து போனேன். நாற்பது கேசட்டைத் துடைத்துவிட்டுப் புகழுக்குக் காத்திருந்தவளுக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. முடிந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மூன்றாம் கட்டத்தில் நான் இரண்டு தரம் அழுதேன். அதையும் எழுத வேண்டுமா?"

தேடி வந்தவர்

என் ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. கோட்டுப் போட்ட ஜப்பான்காரர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சின்னப் பிள்ளை கதைக்கிற ஜெர்மன் கதைத்தார். ஒன்பது வயது வரைக்கும் இந்த ஊரில் இருந்தாராம். இப்போது அவரையே கம்பனி இங்கே அனுப்பியிருக்கிறது. "அப்போது அம்மா என் கேசட்டை இங்கேதான் விற்றார். பின்னால் என் பெயர் இருக்கும். கெந்தா."

ஒகாதா அம்மா என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று எனக்கு அந்த நிமிசமே நிச்சயமாகிவிட்டது. லாச்சியை அப்படியே தூக்கி மேசையில் வைத்து, "எல்லாப் பெயரையும் நான்தான் அழித்தேன்" என்றேன். வந்தவர் இரண்டு மூன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கை எடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேறு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். என்ன கேம் என்பதே மறந்துவிட்டது, ஆனால் அப்போது தங்கச்சிக்குப் பல் முளைக்கிற வயது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள் என்றார். நான் சீட்டுக் கட்டை இழுத்தேன். இருபத்தேழாவது சீட்டில் என் கையெழுத்து: 'வலது கீழ் மூலையில் சின்னப் பல் அடையாளம், இரண்டு.'

எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்த மூலையை விரலால் தடவினார். யன்னலடியில் சரித்துப் பிடித்தபோது, மை இருந்த இடம் மட்டும் பழுப்பு ஏறாமல், ஒரு பிள்ளையின் எழுத்து மெல்லத் தெரிந்தது. நான் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் பேனா கேட்டு வாங்கி, அந்த வெளிறின கோட்டின் மேலேயே, தப்பாமல், திரும்பவும் தன் பெயரை எழுதினார். சும்மா கொடுத்தால் அவர் கூச்சப்படுவார் என்று ஒகாதா அம்மா பத்து யூரோ சொன்னார். பிறகு கேசட்டைத் திருப்பிப் பார்த்து, பெயர் இருக்கிறது என்று சீட்டில் புதிதாக ஒரு வரி எழுதி, விலையை எட்டு யூரோ ஆக்கினார். இப்போதுதானே நானே எழுதினேன் என்று அவர் தடுமாற, ஒகாதா அம்மா சிரிக்காமல் சொன்னார்: "யார் எழுதினாலும், பெயர் எழுதியிருந்தால் குறைதான்."

நாற்பத்தோராவது சீட்டு

கடைசி நாள் என் மேசையில் ஒரு கடித உறை இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, விடைபெறத் தயாராகத்தான் திறந்தேன். உள்ளே நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம். அதன் முன்பக்கத்தில், முதலில் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது: "முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. தேவைக்கு மேல் துடைப்பார். தன் பிழையை மறைக்கத் தெரியாது."

கலியாணப் புரோக்கர் ஒரு குறையும் சொல்லாமல் தந்த மனுசனோடு இருபத்திரண்டு வருசமாக ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக்கொண்டு வாழ்கிற எனக்கு, என் குறை முழுவதையும் முதலிலேயே எழுதி ஒட்டிவிட்டு என்னை எடுத்துக்கொண்ட இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.