அக்கா மகளின் பிளஸ்-மைனஸ்

பேசத் தெரியாதவனைத்தான் சமாதானம் பேச அனுப்புவார்களா? போன வாரம் என்னை அனுப்பினார்கள்.

அக்கா மகள் பிரமிளா சிதம்பரத்தில் பிஎச்.டி. பண்ணுகிறாள். துகள் இயற்பியல். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் ஜெர்மனியில் வேலை. கொடுக்க மாட்டேன் என்கிறாளாம்.

"நீ போய் சொல்லுடா. உன் பேச்சக் கேப்பா" என்றாள் அக்கா.

என் பேச்சை என் வீட்டு டிவி ரிமோட்கூடக் கேட்டதில்லை...

கடலூரிலிருந்து நின்றுகொண்டே பஸ் பயணம். இடுப்பு விட்டுப்போனது. பிரமிளா ஹாஸ்டல் வாசலுக்கு வந்தாள். தூங்கிப் பல நாளான முகம்.

"ஏன் கொடுக்க மாட்டேங்குற? விடை தப்பாம்மா?"

"விடை சரி மாமா. அது எவ்ளோ தப்பா இருக்கலாம்னு போட்டேன் பாருங்க... அதான் தப்பு."

நான் பத்தாவது. முழித்தேன்.

பொறுமையாகச் சொன்னாள். ஒரு துகள் பல வழிகளில் சிதையும். நூற்றுக்கு எத்தனை எந்த வழியில் என்பதை வேறு யாரோ அளந்து, 'கூடக்குறைய இவ்வளவு' என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பங்கை வைத்துத்தான் இவள் கணக்கு. அந்தக் கூடக்குறையதான் பிசகு. அவர்கள் பிசகு இவள் விடையிலும் ஏறும். இவள் இரண்டு விதமாக அளந்தாள். இரண்டின் பிசகும் தனித்தனி, ஒன்றையொன்று கொஞ்சம் சரிக்கட்டும் என்று நினைத்து மொத்தப் பிசகைச் சின்னதாகப் போட்டுவிட்டாள். ஆனால், இரண்டிலும் இருந்தது அதே பங்கு!

"எனக்குப் பாத்த மாப்பிள்ளைய ரெண்டு பேரு நல்லவன்னாங்களே மாமா... ரெண்டு பேருக்கும் சொன்னது ஒரே புரோக்கர்தான?"

அட! புரோக்கர் சொன்னது பொய்யென்றால், இரண்டு சாட்சியும் சேர்ந்தேதான் கவிழும்.

"திருத்தினா என்னாவும்?"

"பிசகு பெருசாவும். தியரிக்கும் அளந்ததுக்கும் வித்தியாசம் இருக்குனு அடிச்சுச் சொல்லியிருக்கேன். இனிமே 'இருக்கலாம்'தான்."

ஐந்து வருஷ உழைப்புக்கு ஒரு 'லாம்'.

"யாருக்காவது தெரியுமா?" மெல்லக் கேட்டேன்.

"கைடு சாருக்கே தெரியாது."

"அப்பக் கொடுத்துடேன்?"

"கொடுத்துட்டு?"

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது. அவள் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள். அவகாசம் கேட்டு ஜெர்மனிக்கு மெயில் போட்டிருக்கிறாள். பதில் வரவில்லை.

பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டில் எல்லோரும் அடித்துத்தான் பேசுகிறோம். கூடக்குறைய என்று ஒருவரும் சொல்வதில்லை.

நேற்றும் அக்கா போன். "ஒரே வார்த்தையில சொல்லுடா. ஜெர்மனி உண்டா, இல்லையா?"

"தெரியலக்கா."

போனை வைத்துவிட்டாள்... சரியான பதில்களுக்கு இந்த மரியாதைதான் கிடைக்கிறது.