ஜோடி டிஸ்க்கில் அக்காவின் குரல்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவுக்குப் பேச்சு இல்லை, வலது கையும் அசையாது. மற்றபடி எல்லாம் புரியும். பட்டர்வொர்த்தில் தட்டச்சராக வேலை பார்த்தவர், இப்போது இடது கையாலேயே கணினியைத் திறந்து செய்தி படிப்பார்.

எனக்கு எதையும் தேதியிட்டு வைக்கும் பழக்கம். அப்பா, அம்மா, அக்கா மூவரின் குரலையும் பல ஆண்டுகளாகப் பதிந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஆண்டு, மாதம், நாள் என்றுதான் தொடங்கும். அக்காவின் குரல் இனிப் புதிதாகக் கிடைக்காது என்றான பிறகு, இருப்பதும் போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பழைய ஹார்ட் டிஸ்க் வேறு ஒருநாள் கரகரவென்று சத்தம் போட்டது.

டவுனில் கணினிக் கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். தனி டிஸ்க்கில் அவ்வப்போது நகலெடுத்துக் கழற்றி வைக்கலாம். அல்லது ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அந்த நொடியே மற்றதிலும் பதிந்துவிடும். நகலெடுக்க மறக்கும் நாள் ஒன்று கட்டாயம் வரும் என்று எண்ணி, ஜோடிப் பெட்டியை வாங்கினேன்.

அம்மாவின் திவசத்தன்று படையல் போட்டதும், பெற்றோர் குரலைச் சற்று நேரம் ஒலிக்கவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டு அதோடு அக்காவின் குரலையும் சேர்த்துப் போட்டேன். மாலை போட்ட படங்களின் பக்கத்திலிருந்து, "தம்பி, மழை வருது, துணிய எடு" என்றார் அக்கா. அதே அக்கா என் எதிரே வாய்மூடி உட்கார்ந்திருந்தார். அன்று அவர் இலையைத் தொடவில்லை.

மறுவாரம் அக்காவின் மிகப் பழைய பதிவைக் காணவில்லை. பிறகு அதற்கு அடுத்தது. பெற்றோர் பதிவுகள் அப்படியே இருந்தன. அக்கா மட்டும் தேதி வரிசை தப்பாமல் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் அந்தப் பெட்டியின் மெல்லிய இரைச்சல் எப்போதும் கேட்கும். அது எதையோ மென்று கொண்டிருப்பது போலத் தோன்ற ஆரம்பித்தது.

கடைக்குப் போனேன்.

"பெட்டியில ரெண்டு விளக்கும் பச்சையா எரியுதா அண்ணே?"

"எரியுது."

"அப்ப டிஸ்க்குல கோளாறு இல்ல. யாரோ அழிக்கிறாங்க."

"ரெண்டுலயுமா?"

"ஒண்ணுல அழிச்சா மத்ததும் அழிச்சிரும்லா. ஒரு டிஸ்க் செத்தா இன்னொண்ணு காப்பாத்தும், அவ்ளோதான். மனுசன் அழிக்கிறத அது தடுக்காது. வீட்ல யாரு இருக்கா?"

"அக்கா."

"கேட்டுப் பாருங்களேன்."

"அவங்களுக்குப் பேச்சு வராது."

அவர் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். தனி டிஸ்க் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "மிச்சத்த இதுல ஏத்தி, வேற வீட்ல குடுத்து வைங்க. யாரும் தொட முடியாது."

நிபோங் திபாலில் இருக்கும் சித்தி மகன் வீட்டில் வைக்கலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். உள்ளே வந்து வழக்கம்போல் ஒரு வார்த்தை கேட்டேன். அக்கா விசைப்பலகையில் எதையோ அழுத்திவிட்டு, கணினி மேசையை விட்டு நகர்ந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அக்காவின் பதிவுகள் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு புதுக் கோப்பு இருந்தது. பெயர் நான் வைப்பது போலவே ஆண்டு, மாதம், நாள். அன்றைய தேதி.

திறந்தேன். முதலில் மூச்சு. கனத்து, இடையில் தடுக்கி, மறுபடி தொடரும் மூச்சு. வெகுநேரம் அது மட்டும்தான். பிறகு பூட்டில் சாவி திரும்பும் ஓசை. என் செருப்புச் சத்தம். சற்று முன் உள்ளே வரும்போது நான் கேட்டது: "அக்கா, சாப்டீங்களா?" அதன் பிறகு மேசையில் விரலால் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் ஆமாம்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது டிஸ்க்கில் அந்த ஒரு கோப்பை ஏற்றிக் கழற்றினேன்.

"இத எங்க வைக்கட்டும்?"

இடது கையை நீட்டி வாங்கி, தன் மடியில் வைத்துக்கொண்டார்.