விடலாம் என்றது யார்

பெருமாள்புரத்தில் ஒரே வீட்டின் மாடியில் பிரம்மநாயகியும் கீழே அப்பாவோடு அவள் தம்பி சிவகணேஷும் இருந்தார்கள். இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டி நிறைந்து வழிந்தால் அவன் முருங்கை மரத்தைப் பார்த்து, "தண்ணி ரோட்டுக்குப் போவுது, செல பேருக்குக் காது அடைச்சிட்டு போல" என்பான். அவள் கொடியில் காயும் துண்டிடம், "மோட்டாரப் போட்டது யாராம்?" என்று கேட்பாள். மரமும் துண்டும் அந்த வீட்டில் கேட்காத வசவு இல்லை.

சண்டை திருச்செந்தூரில் ஆரம்பித்தது. அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் குத்த வேண்டும். நேரம் தாண்டப் போகிறது, சிவகணேஷைக் காணோம். பிரம்மநாயகி பெரியப்பா மகனை உட்கார வைத்துவிட்டாள். கடைசித் தோடு மாட்டும்போது அவன் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். வண்டி பஞ்சர் என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றோடு 'நீ' போயிற்று, 'நான்' போயிற்று.

அவளுக்குச் சேரன்மகாதேவியில் அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. கணவன் மஸ்கட்டில். முன்பெல்லாம் காலையில் தம்பியின் பைக்கில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். அவன் வாசலில் நின்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். தெருவே எட்டிப் பார்க்கும். சண்டைக்குப் பிறகு அப்பாவின் பழைய வெள்ளைக் காரை எடுத்து ஓட்டப் பழகினாள். முதல் வாரமே காம்பவுண்ட் சுவரை இடித்தாள். அவன் அந்த உடைசலைப் பூசவிடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிச் சிரித்தான். அவளும் ஓட்டுவதை நிறுத்தவில்லை. வயல்களுக்கு நடுவே கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகும் அந்த நேரத்தில்தான் அவளை யாரும் ஏவுவதில்லை.

புரட்டாசியில் பிரேக்கில் எண்ணெய் ஒழுகியது. மெக்கானிக் சுடலைராஜ் முன்சக்கரத்துக்கு எண்ணெய் போகும் ஹோஸைப் புதிதாக மாட்டினான். "இனி உள்ள நிக்குத ஏர வெளிய எடுக்கணும்க்கா. ஒரு ஆளு மிதிக்கணும், ஒரு ஆளு நிப்பிளத் தொறந்து மூடணும், அவ்ளோதான். நான் குலசைக்கு மால போட்டிருக்கேன், தசரா முடிஞ்சுதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் காளி வேஷம் கட்டப் போய்விட்டான். பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல அடிவரை இறங்கியது.

சிவகணேஷுக்கு இது போதும். புதுக் கார் வாங்க இருந்தான். ஷெட் அவனுக்கு வேண்டும். "ஆக்கருக்கு எடைக்குப் போட வேண்டிய வண்டி" என்று முருங்கை மரத்திடம் நாள் முழுக்கச் சொன்னான். கடைசியில் அப்பா திருஞானசம்பந்தம் சத்தம் போட்டார்.

"ஏட்டி, இன்னைக்குப் பொழுது அடையறதுக்குள்ள பிரேக்கு பிடிச்சா வண்டி ஒனக்கு. இல்லன்னா அவன் விக்கட்டும். ஏலே, என் முட்டு மடங்காது, நீதான் மிதிக்கணும். இத்தோட எனக்கு நிம்மதி வேணும்."

அவள் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றித் தரையில் உட்கார்ந்தாள். நிப்பிளில் ட்யூபைச் செருகி, மறுமுனையைக் காலி பாட்டிலில் விட்டாள். அவன் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல ஸ்டீரிங் முன்னால் சாய்ந்துகொண்டான்.

"மிதிக்கணும்" என்றாள் சக்கரத்திடம்.

"மிதிச்சாச்சு" என்றான் கண்ணாடியிடம்.

"விடலாம்."

ஸ்பேனரைத் திருப்பினாள். கொஞ்சம் எண்ணெய் சீறியது. மூடினாள். திரும்ப மிதி, திரும்ப விடலாம். எத்தனை முறை செய்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. ஊற்ற ஊற்ற டப்பாவில் பிரேக் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. வெயில் சுவரின் உடைசலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"வேண்டுமென்றே செய்கிறான்" என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த முறை ஸ்பேனரைத் திருப்பிவிட்டுக் கையை எடுக்காமல் ட்யூபையே பார்த்தாள். வெளியே வந்த எண்ணெய் அப்படியே திரும்பிச் சக்கரத்துக்குள் ஓடியது. பின்னாலேயே காற்றும் போயிற்று.

"ஏலே மூதி! தொறந்திருக்கையில எதுக்குலே கால எடுக்க?"

தெரு நாய் எழுந்து ஓடியது. அவன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"நீதான விடலாம்ன!"

"நான் எண்ணெய விடலாம்னேன்லே!"

"எண்ணெயன்னு சொன்னியா? விடலாம், விடலாம்னா யாரு விடணும்? நீயா, நானா? நான் கால விட்டேன்!"

பிரம்மநாயகி ஸ்பேனரைத் திருப்பி நிப்பிளை மூடினாள். அவன் சதி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. நான் விடுதேன். நான் மூடிட்டேன்னு சொல்லுத வரைக்கும் நீ விட்ட, கால ஒடிச்சிருவேன்."

"நீ ஒடிப்ப. பிள்ளைக்கு மாமன் வார வரைக்கும் பொறுக்க முடியாதவதான நீ."

"பஞ்சர்னு நீ ஒரு போன் போட்டியா? மிதிலே!"

"மிதிச்சிருக்கேன். நீ விட்டுத் தொல."

"விட்டேன். மூடிட்டேன். இப்ப நீ விடு."

"விட்டேன். ஊருக்கு முன்னால என்னைய அசிங்கப்படுத்தின."

"இந்தச் சொவத்த வருசம் பூரா காட்டினியே, அது என்னது? மிதி!"

பாட்டிலில் குமிழியாக வந்தது. பிறகு வெறும் எண்ணெய். திட்டிக்கொண்டே மிதித்தவன் சட்டென்று நிறுத்தினான். கால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மறுபடி மிதித்துப் பார்த்தான். கல் மாதிரி நின்றது. அதை அவன் வாயால் சொல்லவில்லை. இறங்கிப் போய் வாசல் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டான்.

அவள் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டு ஏறினாள். பைய உருட்டி வந்தாள். அவன் நகரவில்லை. மிதித்தாள். கார் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் முக்கி நின்றது.

அப்பா வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிவகணேஷ் சட்டைப் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துப் பானெட்டின் மேல் எறிந்தான். முருங்கை மரத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.

"இந்தா. உன் வண்டி. நீயே கட்டிக்கிட்டு அழு."

"நான் அழுதுக்கிடுதேன். நீ வழிய விடு."

இந்த முறை அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. விட்டான்.