இரண்டு பேர் ஏறும் இஞ்சின்

கல்யாணமாகி ஏழாம் மாதம் அவர் அமெரிக்கா போனார். சென்னையில் ஒரு பேக்டரியில் மெஷின் படம் வரைந்துகொண்டிருந்தவரை, அதையே கம்ப்யூட்டரில் வரையச் சொல்லி ஒரு கம்பெனி கூட்டிக்கொண்டு போனது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நகரி, புத்தூர், சத்தியவேடு என்று எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் பிச்சாட்டூரில் என் மாமியாரோடு இருந்தேன். மூணு மாசத்தில் விசா வந்துவிடும், நீயும் வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் பள்ளிச் சான்றிதழில் என் பேர் தெலுங்கு வழக்கப்படி ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் தமிழ் வழக்கப்படி வேறு மாதிரி. விசா ஆபீசில் இரண்டையும் பார்த்துவிட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லாப் பேரையும் ஒன்றாக்கி மறுபடி போடுவதற்கு வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்த போன் பூத்தில் அத்தையும் நானும் போய் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்துக்கு அவர் கூப்பிடுவார். அத்தைக்கு இரண்டு நிமிஷம், மீதி எனக்கு. அந்த மீதியில்தான் இந்த விமானம் வந்து புகுந்தது.

அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் ஒரு பழைய குட்டி விமானத்தைக் கூட்டாக வாங்கினார்கள். இவரும் ஒரு பங்கு போட்டார். ஓட்டவும் கற்றுக்கொண்டார். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே செய்த விமானமாம். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சீட். இரும்புக் குழாயில் கூடு கட்டி, மேலே துணியை இழுத்துப் போர்த்தியிருப்பார்களாம். நகரித் தறியில் நெய்த துணியா என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போக வழியைக் காணோம், இதில் இவருக்கு விமானம் ஒன்றுதான் குறைச்சல் என்று வயிறு எரிந்தது.

கொஞ்ச நாளில் அதன் இஞ்சின் தேய்ந்து போனது. மாற்ற வேண்டும். அதிலிருந்து வாராவாரம் இஞ்சின் புராணம்தான். இரண்டு இஞ்சின் பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டுமே நாலு சிலிண்டர், காற்றிலேயே ஆறுகிறவை, தண்ணீர் கிடையாது. சின்னது அறுபத்தைந்து குதிரைச் சக்தி. அந்த விமானத்துக்கென்றே பிறந்தது. கொஞ்சமாகக் குடிக்கும், சாதாரணப் பெட்ரோலிலும் ஓடும், சத்தம் சாது. பெரியது எண்பத்தைந்து. எடை கொஞ்சம் கூட, பெட்ரோலும் கூட, விலையும் கூட. ஆனால் வேகமாகச் சுற்றும், இழுக்கிற தெம்பு அதிகம்.

கூட்டாளிகள் இருவரும் சின்னதே போதும் என்றார்களாம். இவர் ஒருத்தர் மட்டும் பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விலையில் வருகிற வித்தியாசத்தைத் தானே போடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்று பூத்துக்காரர் வழக்கம்போல, "ஏமம்மா, வீசா வச்சிந்தா?" என்றார். "ராலேதன்னா, இஞ்சின் வச்சிந்தி" என்றேன். விசா வரவில்லை, இஞ்சின்தான் வந்திருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த வாரம் போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாமே, உன் எடை எவ்ளோ?"

ஒன்றரை வருஷமாக முகம் பார்க்காத மனுஷன் கேட்கிற கேள்வியா இது. அத்தைக்கு விஷயம் காதில் விழுந்துவிட்டது. ரிசீவரை வாங்கி, "அறுவத்தெட்டு கிலோடா. போன மாசந்தான் திருமலைல வெல்லம் போட்டோம்" என்று சொல்லிவிட்டாள்.

அது துலாபாரக் கணக்கு. மகனுக்கு வேலை கிடைத்தால் எடைக்கு எடை வெல்லம் போடுவதாக அத்தை வேண்டியிருந்தாள். மகன் அங்கே இருக்கிறான், அவனுக்குப் பதில் நீ உட்கார் என்று என்னைத் தராசுத் தட்டில் ஏற்றினாள். எதிர்த்தட்டு இறங்கி எனக்குச் சமமானதும் நிறுத்தவில்லை. "எம் புள்ள இவள வுட கனம். இன்னும் வைங்க" என்று மேலே மேலே வைக்கச் சொன்னாள். அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த என்னை வரிசையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது. அந்தக் கனத்தைத்தான் இப்போது என் தலையில் கட்டினாள்.

ரிசீவரைப் பிடுங்கி, "அது உங்க எடைங்க. நான் ஐம்பத்தொண்ணுதான். இப்ப எதுக்கு அது?" என்றேன்.

"இருக்கட்டும், அறுவத்தெட்டே போட்டுக்கறேன். வரும்போது நீ ஊறுகா ஜாடி தூக்கினு வந்தா இன்னா பண்றது?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சின்ன இஞ்சினு ஒரு ஆளுக்குத் தாராளம்மே. ரெண்டு பேரு ஒக்காந்தா, வெயில் நாள்ல முக்கி முக்கித்தான் ஏறும். இங்க விமானம் ஓடி ஏறற எடம் புல்லுத்தரை, அதுவும் குட்டை. முடியற எடத்துல வரிசையா மரம். நம்ம மொபெட் ஞாபகம் இருக்குதா?"

எப்படி மறக்கும். கல்யாணமான புதிதில் மொபெட்டில் நாகலாபுரம் போவோம். வழியில் ஒரு மேடு. அங்கே வண்டி மூச்சு வாங்கும், நான் இறங்கிப் பின்னாலேயே நடப்பேன்.

"மேல போயி உன்ன எறக்கி நடக்கவுட முடியாது இல்ல?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாரமும் அவர் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அதை வெறும் இஞ்சின் பேச்சு என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். பூத்திலிருந்து வீடு வரைக்கும் அத்தை ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

பெரிய இஞ்சினையே பூட்டினார்கள். எனக்கும் பேர்க் குழப்பமெல்லாம் தீர்ந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் இரண்டாவது தடவையும் நின்றேன். அப்போதும் இல்லை என்றுவிட்டார்கள். இந்தத் தடவை காரணம்கூடப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. அந்த ஞாயிறு போனில் விஷயத்தைச் சொன்னதும், "சரி, வுடு" என்றார். இஞ்சின் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த மாதமே வந்து நின்றார். லீவில் வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. வேலையை விட்டுவிட்டேன் என்றார். விமானப் பங்கையும் கூட்டாளிக்கே கொடுத்துவிட்டாராம். பித்துப் பிடித்துவிட்டதா என்று அத்தை ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே பயம். என் ஒருத்தியால் இவர் பிழைப்பு கெட்டதோ என்று மனசு அரித்தது.

மறுநாள் காலையில் பெட்டியைப் பிரித்தபோது ஒரு போட்டோ வந்தது. மஞ்சள் விமானம், முன் சீட்டில் இவர். பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய சாக்கு மூட்டை.

"இது இன்னாங்க?"

"நீதான்" என்றார்.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் போட்டோவைப் பார்த்தபடியே சொன்னார். "புது இஞ்சினு ரெண்டு பேர இழுக்குமான்னு பாக்கணும் இல்ல? நான் ஒக்கார்றேன்னு கூட்டாளிங்க கேட்டாங்க. வேணாம்னுட்டேன். உன் கணக்குக்கு மணல் ரொப்பி ஒக்கார வெச்சேன். மரத்துக்கு மேல எட்டத்துல தாண்டிச்சுமே. அதுலருந்து எப்பப் போனாலும் மூட்டைய எறக்கறதே இல்ல."

"அப்புறம்?"

"விசா இல்லன்னு நீ போன்ல சொன்ன அன்னிக்கு, பெல்ட்ட அவுத்து மூட்டைய எறக்கினேன். எறக்கிட்டு ஏறி ஒக்காந்தேன். திரும்பிப் பாத்தா பின்னாடி சீட்டு காலி. ஓட்ட முடியல. கீழ எறங்கி, நேராப் போயி டிக்கெட் போட்டுட்டேன்."

அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.