என் பேச்சை முடிக்க விட்டவள்

கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கியில் விடுமுறைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். இருந்தது ஒரே இடம். கடைசிச் சுற்றில் ஆறு மாணவர்களும் இணையவழியில் ஒன்றாக விவாதிக்க வேண்டும். ஒரு அரிசி ஆலையை வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான் தலைப்பு.

முரசுமோட்டையில் எங்கள் வீட்டு அறையில் இருந்தபடி ஆங்கிலத்தில் பேசினேன். வருட லாபத்தை மட்டும் பார்த்தால் போதாது, அறுவடை நேரத்தில் நெல் வாங்க ஆலையின் கையில் காசு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது.

"அம்மா, சிக்னல் போயிட்டுது!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

மீண்டும் இணைந்தபோது, முல்லைத்தீவைச் சேர்ந்த ரிஸ்னா என்ற மாணவி என் கருத்தையே விளக்கிக்கொண்டிருந்தாள். தன்னுடையதாக்கிவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் அவள், இது இணைப்பு அறுந்த மாணவியின் கருத்து, அவர் திரும்பி வந்துவிட்டார், அவரே முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

நான் சொல்லி முடித்தேன். சில நாட்களில் அந்த இடம் எனக்கே கிடைத்தது. ரிஸ்னாவின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப்பிடித்து அழைத்தேன்.

"உங்கட கருத்தெண்டே சொல்லி விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எனக்குக் கிடைக்கேல்லையெண்டு கவலைதான். அதுக்காக நீங்கள் சொன்னதை நான் சொன்னதெண்டு சொல்ல ஏலுமோ?" என்றாள்.

மற்ற ஐந்து பேரையும் எப்படி முந்துவது என்றுதான் நான் வாரக்கணக்கில் தயாராகியிருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.