பசை காயும் நேரம்

முதல் குழியில் இரண்டு குட்டைத் திருகாணி, இரண்டாவதில் நாலு, மூன்றாவதில் ஒரே ஒரு நெட்டை. பணியாரக்கல்லின் ஏழு குழிகளையும் இந்த வரிசையில் நிரப்பிக்கொண்டு வருகிறார் ஆமினா பீவி. எந்தக் குழி முதல் குழி என்று மறந்துபோகாமலிருக்க அதன் விளிம்பில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருக்கிறார். பணியாரக்கல் அடுப்படியை விட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் பணியாரம் கிடையாது, யாருடைய போனோ பிரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். "நெட்டைய கொண்டுபோயி குட்டை எடத்துல முறுக்கிட்டன்னு வையி, உள்ள இருக்கற பலகைய ஓட்டை போட்டுடும். அப்பறம் போனு மவுத்துதான்" என்பார்.

வில்லியனூரில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், பச்சைக் கதவு போட்ட வீடு. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஐம்பத்தாறு வயதில் இரண்டு மூக்குக்கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடக்கை மணிக்கட்டில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு ரப்பர் பேண்டுகள்; சில ஓட்டல் சாம்பார்ப் பொட்டலத்தில் வந்தவை, சில கொத்தமல்லிக் கட்டில் வந்தவை. பழைய பசையை இளக்குவதற்கு இஸ்திரிப்பெட்டி. உடைந்த திரையை நெம்பி எடுப்பதற்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. புதுத் திரை மட்டும்தான் பாண்டியிலிருந்து வரும். மற்றதெல்லாம் வீட்டுச் சாமான்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்தது கோபத்தில். ஐந்து வருஷத்துக்கு முன் அவருடைய போன் உடைந்து, ஒரு கடையில் கொடுத்தார். திருப்பி வாங்கப் போனபோது கடைக்காரர் மலர்ந்த முகத்தோடு, "இன்னா மாமி, பெருநாளைக்கி எல்லாரும் ஒரே கலர்ல துணி எடுத்துட்டீங்க போலருக்குது" என்று விசாரித்தார். அந்த மனிதருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. குடும்பத்துப் படங்களைப் பார்த்துவிட்டு நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார், அவ்வளவுதான். ஆமினா பீவிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றே உட்கார்ந்து வீடியோ பார்க்கத் தொடங்கினார். பாதி வீடியோ இந்தியில் இருந்தது. "பேச்சு புரியலன்னா இன்னா? அவன் கைய பாத்தா போதாதா?" என்று மூன்று பழைய போன்களைக் கொன்று, நாலாவதைப் பிழைக்க வைத்தார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. திரை மாற்றிய போனுக்கு உயிர் வந்ததும் அவர் முகம் சுவரில் தொங்கும் காலண்டர் பக்கம் திரும்பிவிடும். போன்காரி எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சோதனை பார்ப்பது அவள் வேலை. "இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரிக்கும் வெரல வெச்சி இழு. எங்கியாவது நின்னுப்போவுதா?" என்று காலண்டரைப் பார்த்தே கேட்பார். எங்கும் நிற்கவில்லை என்றால் உடனே அணைத்துவிடச் சொல்லி, ஓரத்தில் பசை இழுத்து, திரையைப் பொருத்தி, மணிக்கட்டிலிருந்து நாலே நாலு ரப்பர் பேண்டுகளைக் கழற்றி மாட்டுவார். இரண்டு மணி நேரம் காய வேண்டும். நாலுக்கு மேல் மாட்டினால் திரைக்கு ஆகாது என்பதும் அவரே சொல்வதுதான். "நான் கண்ணாடி மாத்தறவ. உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு இன்னாத்துக்கு?" இந்த ஒரு வாக்கியம் போதாதா? பாகூர், கிருமாம்பாக்கம் வரைக்கும் பெண்கள் முந்தானையில் போனை முடிந்துகொண்டு பஸ் ஏறி வருகிறார்கள்.

கரியமாணிக்கத்துக் கரும்புக்காரர் வீட்டு ஜெயா அப்படித்தான் வந்தாள், வழியில் ஆறு கடைகளைத் தாண்டி. "கை தவறி வுழுந்துடுச்சி பாயம்மா" என்றாள். ஆமினா பீவி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை தவறி விழுகிற போன் மூலையில்தான் உடையும். இதற்கு நாலு மூலையும் பத்திரமாக இருந்தன. நடுவில் யாரோ கல்லால் அடித்த மாதிரி பொடிந்திருந்தது. சுவரில் வீசினால் அப்படி ஆகும். "ஆமாமா, இந்த மாடலு கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, "ஆசிபா, ஒரு டீ கொண்டாம்மா, சக்கர தூக்கலா" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். போனுக்குள்ளே பார்க்காதவர் வெளியிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடுவார் என்பது ஊருக்குத் தெரியாது.

ஆசிபா அவருடைய மருமகள். மகன் மாலிக் கத்தாரில் இருக்கிறான். வீட்டில் மாமியார், மருமகள், மூன்றாவது படிக்கும் பேத்தி ஃபர்ஹானா, மூன்றே பேர். பேத்திக்குப் பள்ளிக்கூடம் மூலக்குளத்தில். காலையில் வேன் ஏற்றும்போது பிள்ளைக்குப் பாதித் தூக்கம் கலைந்திருக்காது. திரும்பி வந்ததும் புத்தகப்பையோடு பாட்டி மடியில் தலை வைத்து, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தூங்கிவிடும். ஆமினா பீவியின் ஒரு நாளில் நல்ல பகுதி என்பது அந்த அரை மணி நேரம்தான்.

சென்ற வாரம் ஆசிபாவின் போன் மொட்டைமாடியிலிருந்து விழுந்தது. கீழே சிக்னல் கிடைக்கவில்லை என்று அவள் பத்து நாளாக மாடிக்குப் போய்த்தான் பேசிக்கொண்டிருந்தாள். கூடத்திலேயே சிக்னல் நாலு கோடும் நிறைந்து நிற்கிற வீடு அது. ஆமினா பீவி அதைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"மாமி, இன்னிக்கே ஆயிடுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள் ஆசிபா.

"திரை கையிலியே கீது. தெருவுல பாதிப் பேருக்கு இந்த மாடல்தான? அஞ்சு மணிக்கெல்லாம் எடுத்துக்க. போ, துணி காஞ்சிருக்கும், எடுத்தா."

வெளியாள் போனாயிருந்தால் போன்காரியை எதிரில் உட்கார வைத்திருப்பார். இது வீட்டு போன். மருமகளை உட்கார வைத்துச் சட்டம் பேசுவதா என்று நினைத்தார். ஆசிபா துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் புதுத் திரையைச் சொருகி உயிர் கொடுத்தார். அந்த போனுக்குப் பூட்டும் கிடையாது. மாமியார் வீட்டில் போனுக்குப் பூட்டுப் போட்டால் அதுவே ஒரு பேச்சாகிவிடும் என்று ஆசிபா போட்டதில்லை. திரை பளிச்சென்று வந்தது. காலண்டர் பக்கம் திரும்பலாம் என்று கழுத்து அசைவதற்குள் மேலே இரண்டு வரி வந்து இறங்கியது. அனுப்பியவர் பெயர், மஞ்சுளா அக்கா மூலக்குளம்.

"ஆசிபா, கீழ் வீடு காலியாயிடுச்சி. வேற ஒருத்தர் கேக்கறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நீ சொல்லலன்னா அவங்களுக்குக் குடுத்துடுவன்." அதன் கீழே இன்னொன்று. "மாமியார்கிட்ட சொல்லிட்டியா இல்லியா?"

ஆமினா பீவி இரண்டு வரியையும் இன்னொரு தடவை படித்தார். கோபம் வந்திருந்தால் பரவாயில்லை, திட்டித் தீர்த்திருக்கலாம். மூலக்குளத்தில் இருந்தால் பிள்ளை நடந்தே பள்ளிக்கூடம் போகும். அந்த நியாயம் அவருக்கும் தெரிந்தது, அதனால் திட்டவும் வாய் வரவில்லை. மகனுக்கும் தெரிந்துதான் நடக்கிறது என்பது புரிய அதிக நேரம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பேத்தி இனி இந்த வாசலில் இறங்க மாட்டாள் என்பது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

போனை அணைத்தார். பசை இழுத்தார். நாலு ரப்பர் பேண்டு மாட்டினார். அப்போது மணி மூன்று.

ஐந்துக்கு ஆசிபா வந்து நின்றாள். "காஞ்சிடுச்சா மாமி?"

"காத்துல ஈரம் ஜாஸ்தி. இரு." ஐந்தாவது ரப்பர் பேண்டு ஏறியது. வெளியே மாடியில் போட்ட துணியெல்லாம் மொறமொறவென்று காய்ந்து, மடித்து, அலமாரிக்கே போய்விட்டிருந்தது.

ஐந்தரைக்கு மறுபடி வந்தாள். "மாமி, ரப்பரோடவே ஒரு நிமிசம் ஆன் பண்ணிக்கறனே."

"வெரல வெச்சி அழுத்தனன்னா பிச்சிக்கும். அப்பறம் என்ன சொல்லக்கூடாது." ஆறாவது.

"ஒரே ஒரு போன் மாமி..."

"அதுக்கு இன்னா? இந்தா என் போனு. யாருக்குப் பண்ணணும்? நம்பர சொல்லு, நானே போட்டுத் தரன்." ஆமினா பீவி மிகவும் தாராளமாகத் தன் போனை நீட்டினார்.

ஆசிபா அதை வாங்கவில்லை. "நம்பரு அதுலதான் மாமி இருக்குது" என்றாள். பிறகு, "அவசரம் ஒண்ணுமில்ல" என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

பேத்தி வழக்கம்போல் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆசிபா வந்து பணியாரக்கல்லுக்கு எதிரில், வெளியூர்ப் பெண்கள் உட்காருகிற அதே இடத்தில், உட்கார்ந்தாள். அவள் கண் போனிலும் சுவர்க் கடிகாரத்திலும் மாறி மாறிப் போனது. ஆமினா பீவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆசிபா ஆரம்பித்தாள். மணி ஆறாக ஏழு நிமிடம் இருந்தது.

"முதல்ல இது காயட்டும்மா" என்ற ஆமினா பீவி, காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, மணிக்கட்டில் மிச்சமிருந்த கடைசி ரப்பர் பேண்டையும் கழற்றி, இரண்டு விரலால் அகலமாக விரித்து, போனின் மேல் மாட்டினார்.