அக்கா கிழவியாக நடித்த படம்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரது தங்கையின் வணக்கம்.

அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை எங்கள் உறவில் பெரியவர் ஒருவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பிறந்தது, படித்தது, தையல் ஆசிரியை ஆனது, நோயுற்றது, இறைவனடி சேர்ந்தது என்று அரைப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. அக்கா நடித்த சினிமாப் படம் மட்டும் அதில் இல்லை. மாத்தளையில் எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களில் அந்தப் படத்தை அறியாதவர் எவருமில்லை. ஆனாலும் அதை அச்சில் போடுவதற்கு எங்களவர்களுக்குக் கூச்சம். ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கும் கூச்சம் உண்டு, ஆனால் அது படத்தைப் பற்றியதல்ல.

மாத்தளை நகரில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற அப்பாவுக்கு அக்கா இரண்டாவது பிள்ளை. மூத்தவர் அண்ணன், கடைக்குட்டி நான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. அதற்குச் சில ஆண்டுகளில் அப்பா காலமானார். அண்ணன் கடன் உடன் வாங்கிப் புடவைக் கடை வைத்தார். அக்கா படிப்பை விட்டுவிட்டு அந்தக் கடைக்கு இரவிக்கை தைத்துக் கொடுத்தார். என் பள்ளிச் சட்டைகள் எல்லாம் அவர் கைப்பட்டவைதான்.

அக்காவிடம் ஒரு குறும்பு இருந்தது. யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டிவிடுவார். அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கடை முழுக்க அதையே தேடுவதைச் செய்து காட்டினால், கோபக்காரரான அண்ணனே சிரித்துவிடுவார். சிரித்துவிட்டு, "போதும், உள்ள போ" என்பார்.

கொழும்பு வியாபாரிகள் சிலர் கூடி ஒரு தமிழ்ப் படம் எடுக்க மாத்தளைக்கு வந்தார்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தின் கதை. அண்ணனுடைய வாடிக்கையாளர் ஒருவர் சிபாரிசு செய்ததால், அக்கா மணப்பெண்ணாக வருவதற்கு அண்ணன் அரைமனதோடு சம்மதித்தார். அதே பெண்ணின் முதுமையை நடிக்க வேண்டிய நடிகை கடைசி நேரத்தில் வராமல் போனார். "நான் செஞ்சு காட்டட்டுங்களா?" என்று அக்கா கேட்டாராம். முழங்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எங்கள் அம்மா படியேறுவதைப் போல ஏறிக் காட்டினாராம். மணப்பெண், தாய், பாட்டி மூன்றும் அக்காவுக்கே கிடைத்தன.

படத்தில் அந்தப் பாட்டி எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டி அடியைச் சுரண்டுவாள். மருமகள் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்பாள். தினமும் எங்கள் அடுப்படியில் நடந்ததுதான் அது. அம்மா அப்போதே சாப்பிட்டுவிட்டார் என்று நம்பி நானும் அண்ணனும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவர்கள். அது பொய் என்று திரையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும் எப்போதோ தெரிந்திருக்கிறது.

படம் மாத்தளைக்கு வந்தபோது அம்மாவையும் அழைத்துப் போனோம். அம்மா அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. "அக்கா கல்யாணப் பொண்ணா வருது, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னோம். கதையின் முடிவில் பாட்டி சாகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்காவும் அப்போது ஊரில் இல்லை. படத்தின் விளம்பர வேலையாகக் கொழும்பில் தங்கியிருந்ததால் அம்மா மகளைக் கண்டு சில வாரங்கள் ஆகியிருந்தன.

அந்தச் சாவுக் காட்சியைப் படக்காரர்கள் எங்கள் வழக்கப்படியே எடுத்திருந்தார்கள். நெற்றியில் காசு, தாடைக்குக் கட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு துணி முடிச்சு. பறை அடித்தவர்களும் வெளியூர் ஆட்கள் அல்லர். எங்கள் அப்பாவின் சாவுக்கு அடித்த அதே மாத்தளைக்காரர்கள். அவர்களை அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்த ஆட்கள் பறை அடிக்க, தன் மகள் கால் கட்டப்பட்டுக் கிடந்தால் ஒரு தாய் வேறு என்ன நினைப்பார்?

"அடேய், எனக்கு ஒரு வார்த்த சொல்லாம எம்புள்ளயத் தூக்குறீங்களேடா!" என்று கத்திக்கொண்டு அம்மா எழுந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு திரையை நோக்கி ஓடினார். ஒப்பாரி வைத்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். கொட்டகையே சிரித்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணன் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தார். "தங்கச்சி கொழும்புல உசுரோட இருக்கும்மா. வாங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"அப்ப அங்க கெடந்தது யாருடா?" என்றார் அம்மா.

அதன் பிறகு கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அண்ணனிடம், "அம்மா சொகமா? படம் பாத்தாங்களாமே?" என்று விசாரித்துவிட்டுத்தான் புடவையைத் தொட்டார்கள். சில நாளில் அக்கா வந்தார். அம்மா அவரை உட்கார வைத்து, சாவுத் தீட்டைக் கழிப்பதுபோலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு குனிந்து, கால் விரல்களுக்கிடையே கட்டின தடம் ஏதும் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனோ வாசலை விட்டு நகரவில்லை.

"அம்மாவ ஊரே பாத்துச் சிரிக்க வச்சிட்ட. இனி இந்தப் படி ஏறாத."

"நான் செத்துப்போற மாதிரி நடிச்சது தப்பாண்ணே?" என்று கேட்டார் அக்கா. அண்ணன் கடையைத் திறக்கப் போய்விட்டார். அக்கா கொழும்புக்குத் திரும்பினார். மறுபடி படம் எதுவும் கிடைக்கவில்லை. தையல் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

சில வருடங்கள் கழித்து அம்மா கண்ணை மூடினார். அக்காவுக்குத் தந்தி தாமதமாகத்தான் போனது. அண்ணன் அதை அடித்த நேரம் அப்படி. ரயிலடியிலிருந்து ஓடி வந்த அக்கா, "அம்மா" என்று கதறிக்கொண்டே உள்ளே நுழைந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள். ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வந்துட்டா, நடிக்க."

சொன்னவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொல்லாவிட்டால் இன்னொருவர் சொல்லியிருப்பார். இரண்டு மூன்று பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் காதிலும் விழுந்தது. அம்மாவின் தலைமாட்டில் இருந்த என் காதிலும் விழுந்தது. நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் அழுகை அந்த இடத்திலேயே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். மகள் செய்ய வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். வாய்க்கரிசி போடும்போதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் அதே பெண்கள், "பெத்த தாய்க்கு அழுதாளா பாத்தியா? கல்லு மனசு" என்று பேசிக்கொண்டார்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்த எடத்த எடுத்துறட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம், போடு. நான் வாயத் தொறக்கலன்னும் போடு" என்றார்.

நோய் முற்றியபோது அக்கா கொழும்பை விட்டு என் வீட்டுக்கு வந்தார். திரையில் எழுபது வயதுக் கிழவியாகச் செத்துக் காட்டியவர் நாற்பதைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கடை எப்படி நடக்கிறது, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று எங்களைத்தான் விசாரிப்பார். டாக்டர் என்னிடம், "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில் இது: "அவ்வளவா இல்ல டாக்டர். சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க." அக்கா மறுக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வலிக்கு மருந்தைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் தாதிமாருக்கும் எங்கள் நன்றி. கொட்டும் மழையில் தம்புள்ளையிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்த முஸ்லிம் தாய். அக்கா மறைந்து கொஞ்ச நாளில், உடம்பு தேறி, நாவுல ஊரிலிருந்து பஸ் ஏறி விசாரிக்க வந்தார். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசினார்.

"பாவம் அந்தப் புள்ள. நீங்கெல்லாம் பாத்துட்டுப் போன பொறகு தலகாணிய வாயில வச்சிட்டு அழும். நோவு தாங்காம அப்பிடி அழும். நான் எழும்பிப் போய்க் கையப் புடிச்சிட்டு இருப்பேன். வீட்டாக்கள்ட சொல்லுங்க மகள்னு நான் எத்தினையோ தரம் சொன்னேன். 'வாணாம் உம்மா, நான் அழுதா அவங்க நம்ப மாட்டாங்க'ன்னு சொல்லிரும். அது ஏன் அப்பிடிச் சொன்னிச்சின்னுதான் எனக்கு இன்னமும் வெளங்கல்ல."

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அக்கா படத்தில் நடித்தவர் என்பது அந்தத் தாய்க்குக் கடைசி வரை தெரியாது. அக்கா அழுதபோது அதை அழுகை என்றே நம்பிய அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.